அப்பா, நான் படிக்கிற காலேஜ் பற்றி

சாக்ரமெண்டோ, கலிபோர்னியா

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நலம். நீங்கள், அம்மா, தம்பி வீட்டில் எல்லாரும் நலமா? கோத்தகிரியில் மழை விட்டதா?

போன வாரம் ஃபோனில், "கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து என்ன காலேஜ், அது எந்த மாதிரி காலேஜ்?" என்று கேட்டீர்கள். லைன் விட்டு விட்டு வந்ததில் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. உங்களுக்கும் எதையும் எழுத்தில் பார்த்தால்தான் திருப்தி. அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

இதன் பெயர் கம்யூனிட்டி காலேஜ். கலிபோர்னியாவில் மட்டும் இப்படி 116 இருக்கின்றன. எல்லாம் அரசுப் பணத்தில் நடப்பவை. முதல் இரண்டு வருஷப் படிப்பை இங்கே முடித்துவிட்டு, மீதி இரண்டு வருஷத்துக்குப் பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளலாம். பதினெட்டு வயது ஆனவர் யாராக இருந்தாலும் சேரலாம். நுழைவுத் தேர்வு கிடையாது. பழைய மதிப்பெண்ணைக் காட்டி வாசலிலேயே திருப்பி அனுப்புவதும் கிடையாது. ஒரு வருஷத்துக்கு மேல் இந்த மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர் கட்டணம். யூனிட் என்பது ஒரு பாடத்தின் அளவைக் குறிக்கும் கணக்கு. என் உயிரியல் பாடம் 5 யூனிட், அதாவது 230 டாலர். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு இதைப் போலப் பல மடங்கு என்பதால்தான் ஒரு வருஷம் முடியட்டும் என்று காத்திருந்தேன். என் விசாவில் வேலைக்குப் போக முடியாது, ஆனால் படிக்கத் தடை இல்லை. பாடப்புத்தகத்துக்குக்கூடச் செலவில்லை. ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் புத்தகத்தை இலவசமாக இறக்கிப் படிக்கச் சொல்லிவிட்டார்கள். ஆகவே பணத்தை நினைத்துக் கவலைப்படாதீர்கள்.

பிளஸ் ஒன்னில் காமர்ஸ் குரூப் எடுத்த அன்றைக்கே எனக்கும் உயிரியலுக்கும் உறவு முடிந்துவிட்டது என்றுதான் நம்பியிருந்தேன். நம் ஊரில் அப்படித்தானே? பதினைந்து வயதில் எந்த குரூப்பில் உட்காருகிறோமோ, அதுதான் கடைசி வரைக்கும். ஊட்டி ஆர்ட்ஸ் காலேஜில் பி.காம். படித்தபோதும் பக்கத்து பிளாக்கில் தாவரவியல் பிள்ளைகள் செடிகளை அழுத்தி ஒட்டிய தாள்களோடு போவதைப் பார்த்துக்கொண்டே நடப்பேன். இங்கே ஆலோசகரிடம் போய் நான் பள்ளியில் உயிரியல் எடுக்கவில்லை என்று சொன்னேன். அவர் அதை ஒரு குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. முதலில் எந்தக் கணக்கு, எந்த வேதியியல், அதற்கடுத்து எந்த உயிரியல் என்று ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன், அப்பா.

வகுப்பில் எல்லா வயதும் உண்டு. பள்ளியில் படித்துக்கொண்டே இங்கேயும் ஒரு பாடம் எடுக்கும் பிள்ளைகள், ராணுவத்திலிருந்து வந்தவர், நர்சிங்குக்குத் தயாராகும் இரண்டு குழந்தைகளின் அம்மா. என் பக்கத்தில் உட்காருபவர் இரவெல்லாம் கிடங்கில் வேலை பார்த்துவிட்டு நேராக வகுப்புக்கு வருகிறார். ஆசிரியரைப் பெயர் சொல்லித்தான் எல்லாரும் கூப்பிடுகிறார்கள். எனக்கு வாய் வரவில்லை, புரொஃபசர் என்றே கூப்பிடுகிறேன். பாடம் புரியவில்லை என்றால் அவர் அறைக்குப் போய்க் கேட்கவென்றே வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கி வைத்திருக்கிறார். வேதியியல் கஷ்டமாகத்தான் இருக்கிறது. உயிரியல் அப்படி இல்லை. அதற்காகக் காலையில் அலாரம் அடிக்கும் முன்பே எழுந்துவிடுகிறேன்.

இப்போது உங்களிடம் சொல்லியே ஆக வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன்.

என்சைம், அதாவது செல்லுக்குள் வேதி மாற்றங்களை வேகப்படுத்தும் புரதம், பற்றிய பாடத்துக்கான லேப். உருளைக்கிழங்கை அரைத்து வடிகட்டிய சாற்றில் கேட்டகால் என்ற பொருளைச் சேர்க்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் தெளிவாக இருந்த நீர் மஞ்சளாகி, அப்புறம் பழுப்பாகிறது. கிழங்கில் இருக்கும் பாலிஃபீனால் ஆக்ஸிடேஸ் என்ற என்சைம், காற்றிலுள்ள ஆக்ஸிஜனைப் பிடித்து இதைச் செய்கிறது. ஒரு குழாயை ஐஸில் வைத்தோம், நிறம் மெதுவாகத்தான் ஏறியது. மிதமான சூட்டில் வைத்த குழாயில் சீக்கிரம் ஏறியது. இன்னொன்றில் சாற்றை முதலிலேயே கொதிக்க வைத்திருந்தோம். அது கடைசி வரை நிறம் மாறவே இல்லை, ஏனென்றால் சூட்டில் என்சைமின் உருவமே குலைந்துவிடுகிறது. ஒவ்வொரு குழாயின் நிறத்தையும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் அளந்து கிராஃப் போட்டோம்.

கிராஃப் போட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்கு உங்கள் ஃபேக்டரி வாசனை வந்துவிட்டது. தேயிலையிலும் இதே என்சைம்தான் அப்பா! கொழுந்தின் செல்லுக்குள், கேட்டகாலைப் போன்ற கேட்டச்சின் என்ற பொருள் ஓர் அறையிலும் என்சைம் வேறோர் அறையிலும் பிரிந்தே இருக்கின்றன. டிரஃப் தொட்டியில் வாட்டிய இலையை ரோலரிலும் சிடிசி இயந்திரத்திலும் விட்டு நசுக்கும்போது அந்தத் தடுப்புகள் உடைந்து இரண்டும் கலக்கின்றன. பச்சை இலை செம்பு நிறமாவது அதனால்தான். இலை இப்படி நிறம் மாறுவதை ஃபெர்மென்டிங் என்று சொன்னாலும், அங்கே வேலை செய்வது கிருமி இல்லை, இலையின் சொந்த என்சைம். டீக்குப் பளபளப்பைத் தரும் தியாஃப்ளேவினும், அடர்ந்த நிறத்தைத் தரும் தியாருபிகினும் அந்த நேரத்தில்தான் உருவாகின்றன. அப்புறம் டிரையர். அந்தச் சூட்டில் என்சைம் செத்துவிடுகிறது, நிறம் அதோடு நிற்கிறது. கிரீன் டீ போடுகிறவர்கள் ஆரம்பத்திலேயே ஆவி காட்டிவிடுவதும் இதற்காகத்தான்.

நீங்கள் ராத்திரி ஷிஃப்டில் கை நிறைய இலையை அள்ளி, முகர்ந்து பார்த்து, "இப்போ எடுங்கடா" என்று சொல்வீர்களே, அந்த ஒரு நிமிஷத்தைத்தான் நாங்கள் இங்கே கருவி வைத்துத் தேடிக்கொண்டிருந்தோம். டீ மேக்கர் வேலை என்றால் மூக்கும் அனுபவமும் என்று மட்டும்தான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். நீங்கள் செய்ததற்குள் இவ்வளவு வேதியியல் இருந்திருக்கிறது. வகுப்பில் கையைத் தூக்கி, என் அப்பா தேயிலை ஃபேக்டரியில் டீ மேக்கர் என்று சொன்னேன். புரொஃபசர் பாடத்தை நிறுத்திவிட்டு, எல்லாருக்கும் விளக்கச் சொன்னார். போர்டில் படம் போட்டுக் காட்டினேன். அன்றைக்கு நீங்கள் அங்கே இருந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் புரிந்தது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்த மறுநாள் ஊட்டிப் பக்கம் தேயிலை நெருப்புப் பட்டதுபோலக் கருகி நிற்குமே, அதற்கும் இதில் பங்கு உண்டு. பனிக்கட்டி செல்லை உடைத்துவிடுகிறது, உள்ளே இருப்பவை செடியிலேயே கலந்துவிடுகின்றன.

போன மாதம் வகுப்போடு பக்கத்து மலைக்குப் போயிருந்தோம். வழியில் கற்பூர மரங்களை, அதாவது யூகலிப்டஸ் மரங்களை, பார்த்ததும் ஒரு நிமிஷம் ஊருக்கே வந்துவிட்டதுபோல இருந்தது. 1850களில் தங்கம் தேடி வந்தவர்களின் காலத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கே வந்த மரமாம். ஏறக்குறைய அதே காலத்தில்தான் வெள்ளைக்காரர்கள் அதை நீலகிரிக்கும் கொண்டுவந்தார்கள். அவலாஞ்சிப் பக்கம் புல்வெளியில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் ஸ்காட்ச் புரூம் செடியும் இந்த மலையில் மண்டிக் கிடக்கிறது. வேரோடு பிடுங்கக் கற்றுக்கொடுத்தார்கள். விதை மண்ணுக்குள் பல வருஷம் உயிரோடு கிடக்கும் என்பதால் ஒரு தடவை பிடுங்கினால் போதாது, திரும்பத் திரும்ப வர வேண்டுமாம். சின்ன வயதில் அந்த மஞ்சள் பூவை அழகு என்று பறித்துத் தலையில் வைத்திருக்கிறேன். அதன் அடியில் நம் புல்வெளி மூச்சுத் திணறுவது அப்போது யாருக்கும் தெரியாது. சோலையையும் புல்லையும் மீட்க அங்கே வேலை செய்கிறவர்கள் மேல் இப்போது பெரிய மரியாதை வந்திருக்கிறது. என் படிப்பு ஒருநாள் அந்த வேலைக்கு உதவ வேண்டும் என்பது என் ஆசை.

அடுத்தது என்ன என்று கேட்பீர்கள். 60 யூனிட் முடியப்போகும் நிலையில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு மாற விண்ணப்பிக்கலாம். அதன் ஆறு வளாகங்கள், கேட்ட பாடங்களையும் சராசரி மதிப்பெண்ணையும் எட்டிய கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கு இடம் உறுதி என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கின்றன. பக்கத்தில் இருக்கும் டேவிஸும் அதில் ஒன்று. தாவர அறிவியலுக்குப் பேர்போன இடம். அதைத்தான் குறி வைத்திருக்கிறேன். மாப்பிள்ளைக்கும் சம்மதம். லேப் நாளில் சமையல் அவர்தான்.

தம்பி மகள் இந்த வருஷம் பத்தாவது என்று அம்மா சொன்னாள். எந்த குரூப் எடுக்க ஆசை என்று முதலில் அவளிடமே கேளுங்கள். உயிரியல் என்றால் உயிரியல், காமர்ஸ் என்றால் காமர்ஸ். அவளுக்குப் பிடித்தது எது என்று தெரியாமல் ஃபாரத்தில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள்.

உங்களிடம் ஓர் உதவி வேண்டும். அடுத்த செமஸ்டரில் சொந்தமாக ஒரு சின்ன ஆய்வு செய்ய வேண்டும். நர்சரியில் ஒரு தேயிலைச் செடி வாங்கி பால்கனியில் வைத்திருக்கிறேன், துளிர் விட்டிருக்கிறது. குளிர் மாதத்தில் ஃபெர்மென்டிங்குக்கு எவ்வளவு நேரம் கூடுதலாக விடுவீர்கள்? மழைக்கால இலைக்கும் கோடைக்கால இலைக்கும் நேரம் மாறுமா? எடுக்கும் நேரம் வந்துவிட்டது என்பதை முதலில் காட்டுவது நிறமா, வாசனையா? பரணில் உங்கள் பழைய நோட்டுகள் இருக்குமே, அதில் நேரம் குறித்த பக்கங்களைத் தம்பியை விட்டுப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மற்றதை உங்கள் கையாலேயே எழுதுங்கள். அறிக்கையில் உங்கள் பெயரைப் போடப் புரொஃபசரிடம் இப்போதே அனுமதி வாங்கிவிட்டேன்.

அம்மாவை முட்டி வலிக்குத் தைலம் மட்டும் தேய்த்துக்கொண்டு இருக்காமல் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்