துரை கடித்துவிட்டான்

பாளையங்கோட்டை,
ஞாயிறு இரவு

அன்புள்ள சங்கரா,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இன்னும் பதில் எழுதவில்லை. கோபமாக இருப்பாய். முதலில் செய்தியைக் கேள், அப்புறம் திட்டு. துரை கடித்துவிட்டான். உன் தங்கச்சியை.

நீ பேர் வைத்த அதே துரைதான். ஒன்பது வருஷமாக அவள் கையால் சோறு தின்றவன். போன மாதம் ஒரு சாயங்காலம் வழக்கம்போல முகத்தைத் தடவப் போனாள். ஒரு உறுமல்கூட இல்லை, மணிக்கட்டில் பல் இறங்கிவிட்டது. குழாயடியில் சோப்புப் போட்டு முழுசாக 15 நிமிஷம் கழுவினேன். ரத்தம் வந்த கடி என்பதால் ஆஸ்பத்திரியில் காயத்தைச் சுற்றியே இம்யூனோகுளோபுலின் என்ற, கிருமியை உடனே எதிர்க்கும் மருந்தைப் போட்டார்கள். தடுப்பூசி அன்றைக்கு ஒன்று, பிறகு 3, 7, 28ஆம் நாள். துரைக்குத்தான் வருஷா வருஷம் ஊசி போடுகிறோமே என்றேன். அதை நம்பி விடக்கூடாது என்றார் டாக்டர். நாயைப் 10 நாள் கட்டிவைத்துப் பாருங்கள், கடித்த அன்றே எச்சிலில் வெறிநோய்க் கிருமி இருந்திருந்தால் அதற்குள் நாய் செத்துவிடும் என்றார்.

அந்தப் பத்து நாளை எப்படிச் சொல்ல! எதிர் வீட்டு அண்ணாச்சி, "வெறிதான், முடிச்சிரு" என்றார். மூத்தவனும் போனில் அதையே சொன்னான். ஒரு ராத்திரி நானும் சரி என்று சொல்லிவிட்டேன், சங்கரா. இதை உன்னிடம்தான் சொல்ல முடியும். கமலாதான் கட்டுப் போட்ட கையோடு வந்து, "பத்து நாள் முடியட்டும்" என்றாள்.

ஆறாம் நாள் தட்டைக் கம்பால் தள்ளிவிட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்தேன். தலையைச் சாய்த்து, இடது பக்கமாகவே மென்றான். ஒரு கறித்துண்டு வலப்பக்கம் போனதும் கீழே போட்டுவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு நின்றான். வலது கண்ணுக்குக் கீழே புளியங்கொட்டை அளவுக்கு வீக்கம். அவள் தடவப் போனது அந்த இடத்தைத்தான்.

கெடு முடிந்ததும் ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். மயக்கம் கொடுத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். மேல்தாடைக் கடைவாய்ப்பல் ஒன்று விண்டு, வேரில் சீழ் கட்டியிருந்தது. மூன்று வேர் அதற்கு. துண்டு துண்டாக அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. "எலும்பு போடுவீர்களா?" என்று கேட்டார்கள். ஞாயிறுதோறும் நல்லி எலும்பு வாங்கிவந்து போட்டவன் நான். சாதுவாக இருந்த வயசான நாய் திடீரென்று கடித்தால் காது, பல், இடுப்பு என்று வலி எங்கே என்று தேட வேண்டுமாம். இரண்டு மாதமாகவே அவன் பந்தைக் கவ்வவில்லை. வயசாகிவிட்டது என்று நினைத்து விட்டுவிட்டேன். அதுதான் இன்னும் மனசை அறுக்கிறது.

கமலாவுக்கு நான்காவது ஊசியும் ஆயிற்று. நேற்று அவளே அந்தக் கையை நீட்டினாள். நான் சங்கிலியை இறுக்கிப் பிடித்திருந்தேன். தழும்பை ரொம்ப நேரம் மோந்து பார்த்துவிட்டு, அவள் காலடியில் படுத்துக்கொண்டான்.

உன் ஜூலிக்கும் பத்து வயசு இருக்குமே. நாளைக்கே டாக்டரிடம் கூட்டிப்போய் வாயைத் திறந்து பார்க்கச் சொல். எலும்பை இன்றோடு நிறுத்து. பார்த்துவிட்டு எழுது, என்னைப்போல மூன்று மாதம் ஆக்காதே.

உன்,
கணபதி