தூக்குச்சட்டிக்கு ஒரு பலகை

அருங்காட்சியகத்தில் 'அவசரகாலம் 1948–1960' கூடத்துக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். எந்த அருங்காட்சியகம் என்று இங்கே எழுதவில்லை. உங்களுக்கே தெரியும். தோட்டத் தொழிலாளர்களுக்கும் கூடத்தில் ஒரு பலகை வையுங்கள் என்று வருகையாளர் புத்தகத்தில் நான் எழுதிவிட்டு வந்த நான்கு வரிக்கும் பதில் இல்லை, அப்புறம் அனுப்பிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. அதனால்தான் இந்தத் திறந்த மடல். உங்கள் கூடம் சொல்வது, மலாயாவில் பிரிட்டிஷ் அரசு காட்டிலிருந்த கம்யூனிஸ்ட் போராளிகளை எதிர்த்து நடத்திய அவசரகாலத்தின் கதை.

போன பள்ளி விடுமுறையில் அம்மாவையும் மகளையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தேன். அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. பேராக் மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவர். பளபளவென்று துடைத்து வைத்திருந்த கவசவண்டியையும், பிரிட்டிஷ் ஆணையர் டெம்ப்ளரின் படத்தையும், மக்களைக் கம்பிவேலிக்குள் குடியமர்த்திய பிரிக்ஸ் திட்டத்தின் வரைபடத்தையும் பொறுமையாகப் பார்த்தார். முள்கம்பிக்குப் பின்னால் சீனக் குடும்பங்கள் நிற்கும் புதுக்கிராமப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். "இது அவங்க கம்பி. நம்ம தோட்டத்துக் கம்பி எங்கப்பா?" என்று கேட்டார். நானும் தேடினேன். இல்லை.

பின்னணி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 400-க்கும் மேற்பட்ட புதுக்கிராமங்களில் சுமார் ஐந்து லட்சம் பேரைக் குடியமர்த்தினார்கள். அதற்கு ஒரு சுவர் முழுக்க ஒதுக்கியிருக்கிறீர்கள். பத்தாங் காலி கிராமத்தில் 1948 டிசம்பரில் பிரிட்டிஷ் படையால் சுட்டுக் கொல்லப்பட்ட 24 பேருக்கும் ஒரு பலகை உண்டு. இரண்டுக்கும் நன்றி. ஆனால் அதே திட்டத்தின் கீழ் தோட்டங்களில் சிதறிக் கிடந்த லயங்களையும் ஓரிடத்துக்கு இழுத்து வந்து கம்பி கட்டினார்களே, அது எங்கே போயிற்று? அந்தக் கம்பிக்குள் இருந்தவர்களில் தமிழர்கள் ஏராளம்.

அம்மாவுக்கு அப்போது ஒன்பது வயது. கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போகக்கூடாது என்று, வேலைக்குப் போகிறவர்கள் சோறு எடுத்துப் போகத் தடை. காலையில் கேட்டில் வரிசை. ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் பெண்களை ஒரு தட்டிக்குப் பின்னால் நிறுத்திச் சேலை மடிப்பு வரை தடவிப் பார்ப்பார்களாம். வாளியைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். தண்ணீர்ப் போத்தல் மட்டும் போகலாம்.

பால்மரம் வெட்டுகிறவர்களுக்குத்தான் இதன் முழு அர்த்தம் தெரியும். குளிர்ச்சி இருக்கும்போதுதான் மரத்தில் பால் நன்றாக இறங்கும். அதனால்தான் இருட்டோடு எழுந்து போவார்கள். ஊரடங்கு வந்த பிறகு விடிந்தால்தான் கேட் திறக்கும். வெயில் ஏற ஏறப் பால் குறையும், பால் குறைந்தால் கூலி குறையும். முன்பெல்லாம் தங்கள் மர வரிசையான நிரையை வெட்டி முடித்து, மரத்தடியில் உட்கார்ந்து பசியாறிவிட்டு, அப்புறம் மரத்தில் கட்டிய கிண்ணங்களிலிருந்து மங்கு மங்காகப் பால் எடுப்பார்கள். இப்போது பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு மதியம் கேட்டுக்குள் திரும்பும் வரை வெறும் வயிறு.

பாட்டி ஒருநாள் இரண்டு கை சோற்றைத் தூக்குச்சட்டியில் போட்டு, மேலே பழந்துணியை மூடி எடுத்துப் போயிருக்கிறார். அப்போது வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை. கான்ஸ்டபிள் கம்பியால் துணியைக் குத்தித் தூக்கினான். சோற்றை அங்கேயே மண்ணில் கொட்டச் சொன்னான். சட்டியை மிதித்தும் பார்த்தான், அடியில் வேறு தட்டு இருக்கிறதா என்று. மேற்பார்வை பார்த்த மண்டோர் கெஞ்சியதால் வழக்கில்லாமல் விட்டார்கள். கடையில் வாங்கும் டின் பாலிலும் கடைக்காரரே ஓட்டை போட்டுத்தான் தருவார், பதுக்கி வைத்துக் காட்டுக்கு அனுப்பிவிடக் கூடாதாம். அந்த டின்னை எறும்பு மொய்க்காமல் தண்ணீர்த் தட்டில் வைத்துக் காவல் இருந்தது அம்மாவின் வேலை.

உங்கள் கூடத்தின் நுழைவாயிலில் ஒரு பெரிய படம் இருக்கிறது. பெர்லின். 1948 ஜூனில் சோவியத் படை சாலைகளை அடைத்தபோது மேற்கு பெர்லினின் இருபது லட்சம் பேருக்கு அமெரிக்காவும் பிரிட்டனும் விமானத்தில் மாவும் நிலக்கரியும் கொண்டு போய் இறக்கின. 'உலகம் இரண்டாகப் பிரிந்தது' என்று தலைப்பு. நல்ல படம். மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் அதே ஜூனில்தான். பட்டினி போட்டு ஒரு நகரத்தைப் பணிய வைப்பது அநியாயம் என்று சொன்ன அதே பிரிட்டன், சில வருடம் கழித்து இங்கே கர்ப்பிணிப் பெண்ணின் சோற்றை மண்ணில் கொட்டியது. கம்யூனிசத்தை எதிர்த்துத்தான் இரண்டும். பெர்லினுக்கு எட்டடிப் படம், எங்கள் தோட்டத்துக்கு ஒன்றுமில்லை.

தயவுசெய்து ஒரு பலகை வையுங்கள். அதைத்தான் கேட்கிறேன்.

எங்கள் ஆட்களைப் புனிதர்களாகக் காட்டச் சொல்லவில்லை. காட்டிலிருந்தவர்களும் எங்களைச் சும்மா விடவில்லை. ராத்திரியில் வந்து பால்மரங்களைக் கொத்திப் போட்டார்கள், அடையாளக் கார்டுகளைப் பிடுங்கி எரித்தார்கள். கார்டு இல்லாவிட்டால் மறுநாள் போலீஸ் பிடிக்கும். அதையும் அந்தப் பலகையில் எழுதுங்கள். கணபதியையும் எழுதுங்கள். அகில மலாயா தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவர். சங்கத்தை 1948-லேயே தடை செய்தார்கள். துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக, இந்திய அரசு கருணை காட்டக் கேட்டும் கேளாமல், 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். இன்னொரு தொழிற்சங்கத் தலைவர் வீரசேனன் அதற்கு முந்திய நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். கணபதியைத் தூக்கிலிட்டு எட்டு நாள் கழித்து பெர்லின் முற்றுகை விலகியது. அந்தத் தேதி மட்டும் உங்கள் காலவரிசையில் தடித்த எழுத்தில் இருக்கிறது.

புடு சிறை இருந்த இடத்தில் இன்று பேரங்காடி. எங்கள் தோட்டம் இருந்த இடத்தில் வீடமைப்பு, நடுவில் ஒரு செயற்கை ஏரி. கோயிலை இரண்டு முறை இடம் மாற்றினார்கள், பள்ளியை ஒரு முறை. தோட்டத்தை விட்டுப் போனவர்களுக்கு மலிவு விலை அடுக்குமாடி கிடைத்தது, அதுவும் கேட்டவர்களில் பாதிப் பேருக்குத்தான். சரி, இதெல்லாம் உங்கள் இலாகா இல்லை. ஆனால் அவசரகாலம் உங்கள் இலாகாதானே? போர் என்று சொன்னால் லண்டன் காப்பீட்டு நிறுவனங்கள் நஷ்டஈடு தராது என்றுதான் அந்தப் பெயர் வைத்தார்கள் என்பார்கள். தோட்ட முதலாளியின் இயந்திரத்துக்குக்கூடக் காப்பீடு யோசித்திருக்கிறார்கள், பாருங்கள். உங்கள் நினைவுப்பொருள் கடையில் அந்தக் கவசவண்டி சாவிக்கொத்தாகவும் கிடைக்கிறது. மகளுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் மன்னியுங்கள். இடம் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். கவசவண்டியை இரண்டடி நகர்த்தினால் போதும். தோட்டத் தொழிலாளர்களுக்கு ஒரு பலகை. மலாய், ஆங்கிலத்தோடு தமிழிலும் நான்கு வரி. மொழிபெயர்க்க ஆள் இல்லையென்றால் காசில்லாமல் நான் எழுதித் தருகிறேன்.

அந்தத் தூக்குச்சட்டி இன்னும் அம்மாவிடம் இருக்கிறது. ஒரு பக்கம் நசுங்கியிருக்கும், மூடி சரியாக உட்காராது. கூடத்தில் வைப்பதாக இருந்தால் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார், தானே நேரில் வந்து கொடுப்பதாகச் சொல்கிறார். எந்தச் சனிக்கிழமை என்று சொன்னால் அழைத்து வருகிறேன். நாங்கள் வந்த அன்று மாடிக்குப் போகும் மின்தூக்கி ஓடவில்லை, அம்மா படியேறித்தான் வந்தார். அதையும் கொஞ்சம் பார்த்து வையுங்கள்.

இப்படிக்கு,
பால்மரம் வெட்டியவர் பேரன்