உன் பெயருக்கு வந்த அட்டை

அன்பு மகளுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னது இன்னும் மனதைக் குடைகிறது. "இங்கே எங்கட ஆள் ஒருத்தரும் இல்லை அம்மா, நான் வோட்டுப் போட்டென்ன, விட்டென்ன" என்றாய். உடனே கதையை மாற்றி, மிளகாய்த்தூள் முடிந்துவிட்டது என்றாய். தூள் வறுத்து அரைத்தாயிற்று. மற்றதற்குத்தான் இந்தக் கடிதம். தொலைபேசியில் சொன்னால் நீ "ஓம், ஓம்" என்றபடி வேறு வேலை பார்ப்பாய்.

2025 ஏப்ரலில் நடந்த கனடியப் பாராளுமன்றத் தேர்தலுக்கு உன் பெயருக்கும் ஒரு வாக்காளர் அட்டை இந்த வீட்டுக்கு வந்தது. நீ பிரின்ஸ் எட்வர்ட் தீவிலுள்ள சார்லட்டவுன் போய் இரண்டு வருடமாகிறது, பட்டியலில் மட்டும் நீ இன்னும் எங்களோடுதான் இருக்கிறாய். அட்டையைச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அதில் ரொறன்ரோவிலுள்ள எங்கள் தொகுதியின் பெயர் ஸ்காபரோ–கில்ட்வூட்–ரூஜ் பார்க். வாசித்து முடிக்கவே மூச்சு வாங்குகிறது. ஒவ்வொரு முறை எல்லையை மாற்றும்போதும் ரயிலுக்குப் பெட்டி கோர்ப்பது போல ஒரு பெயரைக் கோர்த்துவிடுகிறார்கள்.

நீ பிறந்தபோது நாங்கள் மல்வேர்னில் வாடகைக்கு இருந்தோம். அது அப்போது ஸ்காபரோ–ரூஜ் ரிவர். 1988 தேர்தலில்தான் அந்தத் தொகுதியே முதன்முதலாக வாக்குக்கு வந்தது. அன்று வென்ற லிபரல் கட்சியின் டெரெக் லீ, அடுத்தடுத்து ஏழு தேர்தல்களில் வென்று 2011 வரை ஏறக்குறைய 23 வருடம் அதை வைத்திருந்தார். அவர் தமிழர் இல்லை. ஆனால் அம்மம்மாவைக் கூப்பிடும் ஸ்பொன்சர் விண்ணப்பம் எங்கோ முடங்கிக் கிடந்தபோது நான் உன்னையும் இழுத்துக்கொண்டு போனது தொகுதி அலுவலகத்துக்குத்தான். எனக்கு முன்னால் எட்டுப் பேர், எட்டு நாட்டு முகங்கள், எல்லோர் மடியிலும் ஒரே மாதிரி மண்ணிறக் கடித உறை. மேசையில் இருந்த பெண் கோப்பு இலக்கத்தைக் கேட்டு எழுதினாள், என் பெயரின் எழுத்துகளை இரண்டு முறை சரிபார்த்தாள். நான் எந்தக் கட்சி என்று கேட்கவில்லை. நாங்கள் அந்தத் தொகுதியில் குடியிருப்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

இது உனக்குச் சின்ன விஷயமாகத் தெரியும். எனக்கு அப்படி இல்லை. 1977இல் எனக்கு 12 வயது. கிளிநொச்சியில் உன் தாத்தா என்னைச் சைக்கிள் பாரில் இருத்திக்கொண்டு தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியன் சின்னக் கூட்டங்களுக்குப் போவார். அந்தக் கூட்டணியின் வீ. ஆனந்தசங்கரி எங்கள் தொகுதியில் வென்றார். 1982 டிசம்பரில் ஒரு சர்வசன வாக்கெடுப்பு வந்தது. விளக்கா, குடமா என்று சின்னம். விளக்கு வென்றது, தேர்தல் வைக்காமலே பாராளுமன்றத்தின் காலம் ஆறு வருடம் நீண்டது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ஆறாவது திருத்தம் வந்தது. அதன்படி, தனிநாட்டை ஆதரிக்க மாட்டோம் என்று சத்தியம் செய்ய மறுத்த கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தார்கள். நான் வாக்குப் போடும் வயதுக்கு வந்ததும் அந்த வருடம்தான். வயது வந்தது, தொகுதிக்கு ஆள் இல்லை. 1989 வரை அங்கே பாராளுமன்றத் தேர்தலே நடக்கவில்லை, அதற்கு முதலே நான் கனடா வந்துவிட்டேன். என் முதல் வாக்கை 1997இல் மல்வேர்னில்தான் போட்டேன், 32 வயதில்.

அப்புறம் 2011 மே 2. உனக்கு 17, வாக்கில்லை என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூட ஜிம் வாசலில் நின்றாய். உள்ளே மட்டைத் தடுப்புக்குப் பின்னால் கட்டைப் பென்சில் ஒன்று. வாக்குச் சீட்டில் ராதிகா சிற்சபைஈசன் என்ற பெயர் ஆங்கில எழுத்தில் நீளமாக ஓடியது. வட்டத்துக்குள் புள்ளடி போட முன்னம் அந்தப் பெயரை ஒரு முறை முழுதாக வாசித்தேன். அவர் தமிழர் என்பதற்காகத்தானே போட்டாய் என்று நீ பின்னால் கேட்டாய். ஓம், அதற்காகத்தான். புதிய ஜனநாயகக் கட்சியின் கொள்கை அறிக்கையில் ஒரு வரியும் நான் வாசிக்கவில்லை. 2009இல் முள்ளிவாய்க்கால் நேரம் ரொறன்ரோவின் கார்டினர் நெடுஞ்சாலையை மறித்துக் குளிரில் நின்ற சனம் நாங்கள். அடுத்ததாக 'சன் சீ' கப்பலில் அடைக்கலம் கேட்டு வந்த 492 தமிழரைப் பற்றித் தொலைக்காட்சியில் கண்டபடி பேசினார்கள். அந்த நேரத்தில் யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒரு பிள்ளை ஒட்டாவாவுக்குப் போகிறாள் என்றால் கை தானாகப் போகும். கனடியப் பாராளுமன்றத்தின் முதல் தமிழ் உறுப்பினர் அவர்தான். அன்றிரவு அப்பா தொலைக்காட்சிக்கு முன்னால் எழுந்து நின்றது உனக்கு ஞாபகம் இருக்கும்.

ஆனால் அடுத்த தேர்தலுக்குள் அந்தத் தொகுதியே இல்லாமல் போய்விட்டது. நீ முன்பு நினைத்தது போல இது யாருடைய சதியும் இல்லை. பத்து வருடத்துக்கு ஒரு முறை குடிசன மதிப்பீட்டை வைத்து எல்லைகளைத் திரும்பக் கீறுவார்கள். ஒரு காலத்தில் அரசியல்வாதிகளே கீறினார்கள். 1882இல் பிரதமர் மக்டொனால்டின் அரசு ஒன்ராறியோ எல்லைகளைத் தன் கட்சிக்கு வசதியாக வளைத்தது இன்றும் பேசப்படுகிறது. 1964இல் வந்த சட்டத்துக்குப் பிறகு அது ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒரு ஆணைக்குழுவின் வேலை. மூன்று பேர், தலைவர் ஒரு நீதிபதி. சனத்தொகை மாகாண சராசரியிலிருந்து 25 வீதத்துக்குள் கூடலாம் குறையலாம், ஊர்களின் பழைய உறவையும் பார்க்கவேண்டும், பொதுமக்களைக் கூப்பிட்டும் கேட்பார்கள்.

அப்படிக் கீறியதில் 308 ஆசனங்கள் 338 ஆகின. ரூஜ் ரிவர் உடைந்து பெரும் பகுதி ஸ்காபரோ வடக்குக்கும் ஸ்காபரோ–ரூஜ் பார்க்குக்கும் போனது. 2015இல் ராதிகா வடக்கில் நின்று லிபரல் கட்சியின் ஷோன் சென்னிடம் தோற்றார். எனக்குக் கவலைதான். நாங்கள் அதற்கு முதலே ஹைலண்ட் கிறீக்கில் இந்த வீட்டை வாங்கியிருந்தோம். வாங்கும்போது இது பிக்கரிங்–ஸ்காபரோ கிழக்கு, பிறகு ரூஜ் பார்க், இப்போது கில்ட்வூட்டும் சேர்ந்துவிட்டது. வீடு அசையவில்லை, வாசலில் நிற்கும் மேப்பிள் மரம்கூட அசையவில்லை. இந்த முறை நாட்டில் ஆசனங்கள் 343 ஆகக் கூடியும் ரொறன்ரோவுக்கு 25, 24 ஆகக் குறைந்தது. சனம் பிரம்டன் பக்கம் போனால் ஆசனமும் பின்னால் போகிறது.

2015இலிருந்து எங்கள் உறுப்பினர் ஹரி ஆனந்தசங்கரி. கிளிநொச்சி ஆனந்தசங்கரியின் மகன். தகப்பனின் தொகுதியில் வளர்ந்தவள் மகனின் தொகுதியில் வயதாகிறேன் என்று அப்பாவிடம் சொன்னால் சிரிக்கிறார். ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக்கிய பிரேரணையை 2016இல் கொண்டுவந்தவர் அவர், பிறகு அமைச்சரானார். ஆனாலும் ஒன்று சொல்கிறேன். இங்கேயும் தமிழர் பெரும்பான்மை இல்லை. எங்கள் தெருவில் கயானாக்காரரும் பிலிப்பினோக்காரரும் ஜமைக்காக்காரரும் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் "எங்கட ஆள் இல்லை" என்று வீட்டில் இருந்திருந்தால் அவர் வென்றிருப்பாரா?

இனி உன் கணக்குக்கு வருகிறேன். பேனை எடுத்துக் கீறிப் பார்த்தேன். பிரின்ஸ் எட்வர்ட் தீவில் 2021 மதிப்பீட்டின்படி 1,54,331 பேர், நான்கு தொகுதிகள். ஒரு உறுப்பினருக்கு 38,583 பேர். ஒன்ராறியோவில் ஒருவருக்குச் சராசரி 1,16,590 பேர். 1873இல் கனடாவோடு சேரும்போது உன் தீவுக்கு ஆறு ஆசனம் இருந்தது. பிறகு தேய்ந்துகொண்டே போனது. மேலவையான செனட்டில் இருக்கும் உறுப்பினர் எண்ணிக்கையை விட ஒரு மாகாணத்தின் ஆசனங்கள் குறையக்கூடாது என்று 1915இல் ஒரு விதி வந்து நான்கில் நிறுத்தியது. இது நியாயமா என்று கேட்டால், எனக்கு இல்லை என்றுதான் படுகிறது. ஆனால் இருக்கிற விதியின்படி உன்னுடைய ஒரு வாக்கு என்னுடைய மூன்று வாக்கின் பாரம். அதைத்தான் நீ சும்மா விட்டாய்!

உன் தொகுதியில் 2011இலிருந்து ஷோன் கேசி உறுப்பினர். அவருடைய அலுவலகம் எங்கே என்று பார்த்து வை. உன்னோடு வேலை செய்யும் அந்தக் கேரளாப் பிள்ளை நிரந்தர வதிவிடக் கடிதத்துக்கு மாதக்கணக்காகக் காத்திருக்கிறாள் என்றாயே, அவளைக் கூட்டிக்கொண்டு போ. கோப்பு இலக்கத்தை எடுத்துக்கொண்டு போகச் சொல்.

பார்சலில் தூளுக்குக் கீழே, பினாட்டுக்குப் பக்கத்தில் உன் அட்டை இருக்கிறது. முகவரியை இணையத்தில் ஐந்து நிமிடத்தில் மாற்றலாமாம், பக்கத்து வீட்டுப் பெடியன் காட்டித் தந்தான். நானே மாற்றப் பார்த்தேன், உன் பிறந்த திகதியைப் போட்ட பிறகு கை வரவில்லை. நீயே மாற்று. மாற்றிவிட்டு எனக்கு ஒரு வரி அனுப்பு. அடுத்த தேர்தலுக்கு இந்தப் பெட்டியில் இரண்டு அட்டைதான் வரும் என்று அப்பாவிடம் சொல்லிவைக்க வேண்டும்.

அம்மா