அந்தக் கம்ப்யூட்டரை இப்போதைக்குத் தூக்கிப் போடாதே

அன்புள்ள கண்ணா,

கம்ப்யூட்டர் எழவே ரொம்ப நேரமாகிறது, புதுசு ஒன்று வாங்கிவிடலாமா என்று கேட்டிருந்தாய். இப்போதைக்கு வேண்டாம். பட்டனை அழுத்திவிட்டுக் குளித்து முடித்து வந்தாலும் அது இன்னும் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். சரி, அந்த நேரமெல்லாம் எங்கே போகிறது? அதைப் பார்க்காமல் யாரோ சொன்னார்கள் என்று ரேம் வாங்கிப் போடுவதும், எதையோ இறக்கி ‘கிளீன்’ பண்ணுவதும் வீண் வேலை. நான் வேலையில் இருந்த காலத்தில் அலுவலகத்தில் யாருடைய மெஷின் படுத்தாலும் என் மேஜைக்குத்தான் வரும். வருகிறவர்கள் எல்லோரும் “பழசாகிவிட்டது” என்றுதான் சொல்வார்கள். பழசானதுதான் காரணம் என்று கடைசியில் தெரிந்தது ரொம்பக் குறைவு.

போனில் ஸ்டாப்வாட்சை எடுத்துக்கொள். பட்டனை அழுத்தியதிலிருந்து திரையில் சின்னச் சின்னப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றத் தொடங்கும்வரை ஒரு கட்டம். அங்கிருந்து பாஸ்வேர்டு கேட்கும்வரை இரண்டாவது. உள்ளே நுழைந்த பிறகு, டெஸ்க்டாப் கண்ணுக்குத் தெரிந்தும் எதைக் கிளிக் செய்தாலும் அசையாமல் கிடக்குமே, அது மூன்றாவது. மூன்றையும் தனித்தனியாகக் குறித்துக்கொள். எது இழுக்கிறதோ அதற்குத்தான் வைத்தியம்.

அளக்கும்போது ஒன்றைக் கவனி. ஷட் டவுன் செய்துவிட்டு மறுபடி போடுவதும், ரீஸ்டார்ட் கொடுப்பதும் விண்டோஸில் ஒன்றல்ல. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸ் தன் மையப் பகுதியின் அப்போதைய நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுத் தூங்கப் போகும். அடுத்த முறை அதை அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டு எழும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றும். தினமும் ராத்திரி அணைக்கிறேனே என்று நீ நினைப்பாய். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போய், சிபியு (ப்ராசசர்) என்பதன் கீழே ‘அப் டைம்’ என்று இருப்பதைப் பார். நாள் கணக்கில் ஓடிக்கொண்டிருப்பதாகக் காட்டினாலும் ஆச்சரியமில்லை. அதனால் ஏதாவது கோளாறாக நடந்துகொண்டால் ஷட் டவுன் அல்ல, ரீஸ்டார்ட் கொடு. அதற்காக ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடாதே. பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள மெஷினில் அதை அணைத்தால் இன்னும் மெதுவாகும். அளப்பதை மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரே முறையில் செய்.

முதல் கட்டத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அதே டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் ஆப்ஸ் பக்கத்தில், மேலே வலது ஓரத்தில் ‘லாஸ்ட் பயாஸ் டைம்’ என்று நொடிக்கணக்கு இருக்கும். விண்டோஸுக்கு முன்னால் எழுந்து மெஷினைத் தயார் செய்யும் பயாஸ் என்ற மென்பொருள் எவ்வளவு நேரம் எடுத்தது என்பது அதுதான். அது பெரிதாக இருந்தால், செருகியபடியே விட்டிருக்கும் பென் டிரைவையும் வெளி டிஸ்க்கையும் கழற்றிவிட்டுப் பார். போடும்போதெல்லாம் தேதியும் நேரமும் தப்பாகக் காட்டினால் மதர்போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். டெஸ்க்டாப்பில் பெரும்பாலும் சிஆர்2032 என்ற வகைதான் இருக்கும், மாற்றுவது எளிது.

உன் விஷயத்தில் மூன்றாவது கட்டம்தான் இழுக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. எதை நிறுவினாலும் ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று அழுத்திக்கொண்டே போகிறவன் நீ. அதே ஸ்டார்ட்அப் ஆப்ஸ் பட்டியலைப் பார், யார் யாரெல்லாம் உன்னைக் கேட்காமல் எழுந்து உட்காருகிறார்கள் என்று தெரியும். சாட், மீட்டிங், பாட்டு, நீ எப்போதோ விளையாடி விட்ட கேமின் லாஞ்சர், பிரிண்டரோடு வந்த ஏதோ உதவியாளர், பிரவுசர். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘ஸ்டார்ட்அப் இம்பாக்ட்’ என்று ஹை, மீடியம், லோ போட்டிருக்கும். ஒரு நொடிக்கு மேல் சிபியு நேரம் எடுத்தாலோ, டிஸ்க்கிலிருந்து 3 எம்பிக்கு மேல் வாங்கினாலோ மைக்ரோசாஃப்ட் அதை ஹை என்கிறது. 3 எம்பி என்பது இன்றைக்கு ஒன்றுமே இல்லை. அதனால் ஹை என்று பார்த்தவுடன் பயப்படவும் வேண்டாம், லோ என்பதற்காக எல்லாவற்றையும் விட்டுவைக்கவும் வேண்டாம். இதைத் தினமும் காலையில் நான் கேட்கிறேனா? இந்த ஒரு கேள்வி போதும்.

டிசேபிள் செய்தால் அந்த மென்பொருள் போய்விடாது. நீ திறக்கும்போது திறக்கும், தானாக எழாது, அவ்வளவுதான். பாதுகாப்பு மென்பொருள், டச்பேட், சவுண்டு இவற்றோடு வந்தவற்றைத் தொடாதே. ஃபைல்களை இணையத்தில் சேமித்துக்கொண்டே இருக்கும் கிளவுட் சிங்க்கை நீ உண்மையிலேயே நம்பியிருந்தால் அதையும் விட்டுவிடு. மற்றதை இரண்டு மூன்றாக அணைத்து, ரீஸ்டார்ட் கொடுத்து, மறுபடி நேரம் பார். ஒரேயடியாக எல்லாவற்றையும் அணைத்தால் எது படுத்தியது என்று கடைசிவரை தெரியாது. இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை அணைத்தால் போதாது, முழுதாக நீக்கிவிடு.

உனக்குத் துருவிப் பார்க்கும் ஆசை உண்டே, அதற்கும் ஓர் இடம் இருக்கிறது. ஈவென்ட் வியூவரைத் திற. அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், டயக்னாஸ்டிக்ஸ்-பெர்ஃபார்மன்ஸ், ஆபரேஷனல் என்று ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போ. எண் 100 என்று இருக்கும் பதிவில் அந்தத் தடவை தொடங்க எவ்வளவு நேரமானது என்று மில்லிசெகண்டில் எழுதியிருக்கும். 101 என்றால் ஒரு மென்பொருள் தாமதப்படுத்தியது, 103 என்றால் பின்னணியில் ஓடும் ஒரு சர்வீஸ். பெயரையும் போட்டுக் கொடுத்துவிடும். கோள் சொல்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் சில சமயம் நல்லதுதான்.

இனி டிஸ்க். இரண்டாவது கட்டம் இழுத்தாலும் பார்க்க வேண்டியது இதைத்தான். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படி, பெரிய வித்தியாசம் இங்கேதான். டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்க்கின் கீழே எச்டிடி (பழைய ஹார்ட் டிஸ்க்) அல்லது எஸ்எஸ்டி (சிப்பிலேயே சேமிக்கும் புது வகை) என்று போட்டிருக்கும். எச்டிடி என்று இருந்து, உள்ளே நுழைந்த பிறகு வெகுநேரம் நூறு சதவீதத்திலேயே நின்றால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. ஹார்ட் டிஸ்க்கில் ஒரு தட்டு சுற்றுகிறது, அதன் மேல் ஒரு சின்னக் கை அங்கும் இங்கும் நகர்ந்து படிக்கிறது. நிமிடத்துக்கு 7,200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெகண்ட். வேண்டிய இடம் கைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். கை நகர்கிற நேரத்தையும் சேர்த்தால், சிதறிக் கிடக்கும் துண்டுகளை எடுக்கும்போது ஒரு நொடிக்கு நூறைத் தொடுவதே கஷ்டம். லேப்டாப்களில் வந்த பல டிஸ்க்குகள் 5,400 சுற்றுதான், இன்னும் மெதுவு. விண்டோஸ் எழும்போது கேட்பதோ ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகள். அதே நேரத்தில் உன் சாட்டும் லாஞ்சரும் தங்கள் பங்கைக் கேட்டால் அந்தக் கை பாவம் என்ன செய்யும்!

எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கும் நகர்வதற்கும் ஒன்றுமே கிடையாது. ஒரு துண்டை எடுக்க 0.1 மில்லிசெகண்ட் அளவுதான் ஆகும். அதனால் செலவு செய்வதானால் இதற்குச் செய். உன் டிஸ்க் 2.5 அங்குல சாட்டா வகை (சாட்டா என்பது டிஸ்க்கை இணைக்கும் ஒரு முறை) என்றால் அதே அளவில் எஸ்எஸ்டி கிடைக்கும், கழற்றிய இடத்திலேயே உட்காரும். மதர்போர்டில் எம்.2 என்ற சின்ன ஸ்லாட் இருந்தால் அது சாட்டாவா, அதைவிட வேகமான என்விஎம்இயா என்று மெஷினின் கையேட்டைப் பார்த்துவிட்டு வாங்கு. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், மாற்றி வாங்கினால் வேலை செய்யாது. ரேம் கூட்டுவதால் எழும் நேரம் பெரிதாகக் குறையாது. ஆனால் 4 ஜிபிதான் இருக்கிறதென்றால் உள்ளே நுழைந்த பிறகு மூச்சு முட்டும், அதை 8 ஆக்குவது நியாயமான செலவு.

பழைய டிஸ்க்கில் இருப்பதை அப்படியே புதியதில் நகலெடுத்து குளோன் செய்யலாம், சுலபம். ஆனால் நானாக இருந்தால் விண்டோஸைப் புதிதாகவே போடுவேன், பழைய குப்பை கூடவே வராது. விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. அதனால் புதிதாகப் போடும்போது மெஷின் விண்டோஸ் 11ஐ ஏற்குமா என்றும் பார். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், ப்ராசசரும் மைக்ரோசாஃப்ட் பட்டியலில் இருக்க வேண்டும். ஏற்காவிட்டால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுப் பழகு. அங்கே ‘சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம்’ என்று ஒரு கட்டளை கொடுத்தால் யார் எத்தனை நொடி எடுத்தார்கள் என்று வரிசையாகச் சொல்லிவிடும்.

இணையத்தில் கண்டதையெல்லாம் செய்து பார்ப்பாய் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் இடம்) கிளீனர் எதையும் போடாதே. ஒன்றும் வேகமாகாது, எதையாவது கெடுத்து வைக்கும். எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் கருவியில் ப்ராசசர் எண்ணிக்கையைக் கூட்டினால் பறக்கும் என்பார்கள். விண்டோஸ் எப்போதும் ப்ராசசரின் எல்லாக் கோரையும்தான் பயன்படுத்துகிறது. சீக்கிரம் எழ விண்டோஸ் குறிப்பு வைத்திருக்கும் ப்ரீஃபெட்ச் ஃபோல்டரை அழித்தால் அடுத்த தடவை இன்னும் மெதுவாக எழும். எஸ்எஸ்டியை டிஃப்ராக் செய்ய (சிதறிய துண்டுகளை ஒன்றுசேர்க்க) மென்பொருள் தேடாதே, அதற்கு வேண்டியதை விண்டோஸே பார்த்துக்கொள்ளும்.

பழைய டிஸ்க்கிலிருந்து டக் டக்கென்று சத்தம் வந்தால் மேலே சொன்ன எதையும் செய்யாதே. முதலில் போட்டோக்களையும் ஃபைல்களையும் வேறு இடத்தில் எடுத்து வை. சத்தம் இல்லாவிட்டாலும் எடுத்து வைத்துவிட்டுத்தான் ஸ்க்ரூ டிரைவரைத் தொட வேண்டும்.

மூன்று கட்டத்தின் நேரத்தையும், எச்டிடியா எஸ்எஸ்டியா என்பதையும் எழுதி அனுப்பு. அப்புறம் வாங்குவதைப் பற்றிப் பேசலாம்.

அன்புடன்,
அம்மா

பி.கு. டிஸ்க்கை மாற்றும் முன், பயாஸில் கைவைக்கும் முன், செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷன் அல்லது பிட்லாக்கர் (டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டி வைக்கும் வசதி) ஆன் ஆகியிருக்கிறதா என்று பார். ஆகியிருந்தால் 48 இலக்க ரிகவரி கீ ஒன்று உண்டு, பெரும்பாலும் உன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அதைக் காகிதத்தில் எழுதி வை. அந்த மெஷினுக்குள்ளேயே சேமித்து வைக்காதே.