கெட்டில் வேண்டாம் மக்களே

மக்களே,

நேத்து நீ போன்ல சொன்னதில் இருந்து அம்மைக்கு ஒரே வருத்தம். நாகர்கோவில்ல கடை கடையா ஏறி வாங்கித் தந்த கெட்டில் கனடா போனதும் கெட்டுப்போச்சே, ஒரு லிட்டர் தண்ணி கொதிக்க அரை மணிக்கூர் ஆகுதாமேன்னு புலம்பல். கடைக்காரனுக்கும் ரெண்டு ஏச்சு விழுந்தாச்சு. பாவம், அவன் என்ன செய்வான்! போன்ல விளக்கினா நீ "சரிப்பா, சரிப்பா"ன்னு வச்சிருவ. அதனாலதான் எழுதுறேன்.

கெட்டிலைக் கவுத்து அடியில இருக்கிற எழுத்தைப் பாரு. 230 வோல்ட், 1000 வாட். 1000-ஐ 230-ஆல வகுத்தா 4.35 ஆம்பியர். இங்க அவ்வளவு கரண்ட் இழுக்கும். இனி 230-ஐ 4.35-ஆல வகு. கிட்டத்தட்ட 53 ஓம். உள்ளே சூடாகிற கம்பிச்சுருள் இருக்கே, அந்தக் காயிலோட ரெசிஸ்டன்ஸ், அதாவது கரண்டைத் தடுக்கிற அளவு, அதுதான். நிக்ரோம் கம்பி, சூடானாலும் ரெசிஸ்டன்ஸ் பெருசா மாறாது. இங்க இருந்தாலும் டொராண்டோவில இருந்தாலும் அந்த 53 ஓம் 53 ஓம்தான். மாறினது ஊர் வோல்டேஜ். அங்க சுவர்ல வர்றது 120. 120-ஐ 53-ஆல வகுத்தா 2.27 ஆம்பியர்கூட முழுசா வராது. அதை 120-ஆல பெருக்கு. 272 வாட்.

வோல்டேஜ் பாதியானா சூடும் பாதியாகும்னு நினைக்கத் தோணும். அங்கதான் எல்லாரும் சறுக்குவாங்க. வோல்டேஜ் குறையும்போது கரண்டும் சேர்ந்தே குறையுது, ரெண்டையும் பெருக்கினாத்தான் வாட். ஆக, பாதிக்குக் கால்தான் மிஞ்சும். நீ சின்னவளா இருக்கும்போது சாயங்காலமானா இங்க வோல்டேஜ் 180-க்கு இறங்கும், வாளியில போட்ட ஹீட்டர் ராடு தூங்கி வழியும், ஓர்மை இருக்கா? அதே கணக்குதான். நீ வாங்கின அடாப்டர் பின்னை மட்டும்தான் மாத்தும், வோல்டேஜைத் தொடாது.

பத்தாம் வகுப்புல நீ "ஓம் விதி, ஓம் விதி"ன்னு உரக்கப் படிச்சப்ப, விளக்கு வைக்கிற நேரத்துல நல்ல மந்திரம்தான்னு அம்மை சொன்னா. அந்த ஓம் ஜெர்மன்காரர், பள்ளிக்கூட வாத்தியார். 1827-ல புஸ்தகம் போட்டார், அப்ப அதைப் பெரும்பாலானவங்க மதிக்கல. இருநூறு வருஷம் ஆகப்போகுது, உன் சாயாவுக்கு இன்னமும் அவர் கணக்குதான் வேண்டியிருக்கு.

இனிதான் முக்கியமான விஷயம். கிறிஸ்துமஸுக்கு வரும்போது அங்க இருந்து அம்மைக்கு ஒரு நல்ல கெட்டில் கொண்டு வரேன்னு சொன்னியே, அது வேண்டாம். அங்கத்த கெட்டில் 120 வோல்ட், 1500 வாட்னு வச்சுக்க. 12.5 ஆம்பியர். காயில் 9.6 ஓம். அதை நம்ம அடுக்களையில 230-ல குத்தினா கரண்ட் 24 ஆம்பியர் பாயும். வாட் 5500-க்கு மேல! பெரிய பிளக் பாயிண்டே 16 ஆம்பியருக்குத்தான். கரண்ட் அளவு மீறினா தானா ஆஃப் ஆகுற எம்.சி.பி. சுவிட்ச் விழுந்தா தப்பிச்சோம், விழலைன்னா முதல்ல காயில் போகும், கூட என்னென்ன போகும்னு சொல்ல முடியாது.

முப்பது வருஷம் வயரிங் வேலை பார்த்தவன் வீட்டுலயே நடந்ததைச் சொல்றேன், சிரிக்காத. 2000 வாட் ராடை ஒரு நாள் அவசரத்துல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல குத்தினேன். 8.7 ஆம்பியர், பாக்ஸோ 6 ஆம்பியருக்கானது. போதாததுக்கு உள்ளே ஒரு பித்தளைத் தகடு விரிஞ்சு லூசா இருந்திருக்கு. லூஸ் காண்டாக்ட்ல அரை ஓம்தான்னு வை. கரண்டைக் கரண்டாலயே பெருக்கி, அதை ஓமால பெருக்கு: 38 வாட். பத்த வைக்கிற சால்டரிங் அயர்னே 25 வாட்தான். அதுல ஒண்ணரை மடங்கு சூடு அந்தப் பிளாஸ்டிக்குக்கு உள்ள! மீன் கருகின மாதிரி நாத்தம் வந்துதான் அம்மை ஓடி வந்தா. முப்பந்தல்ல கரண்ட் எடுக்கிற காத்தாடியில இருந்து 1,10,000 வோல்ட்டுல கரண்ட் அனுப்புறதும் இதுக்காகத்தான். வோல்டேஜைக் கூட்டினா அதே வாட்டுக்குக் கரண்ட் குறைவாப் போதும், கம்பியில வீணாகிற சூடும் குறையும். அங்கேயும் குளிர்காலத்துல அறைக்கு ஹீட்டர் வைப்பியே, பிளக்கைத் தொட்டுப் பாரு. கை சுட்டா உடனே ஆஃப் பண்ணு.

இந்தக் கணக்கை மிக்ஸிக்கும் ஃபேனுக்கும் இப்படியே போடாத. மோட்டாருன்னா சங்கதி வேற. போன் சார்ஜர், லேப்டாப் சார்ஜர்ல 100-240னு போட்டிருந்தா எங்கேயும் குத்தலாம்.

கெட்டிலைத் தூரப் போட்டுராத, திரும்பக் கொண்டு வா, இங்க அஞ்சாறு நிமிஷத்துல கொதிக்கும். நீ அங்கேயே 120-க்கு ஒண்ணு வாங்கிக்க. அம்மை ஏத்தங்காய் சிப்ஸ் வறுத்து வச்சிருக்கா, நாளைக்குப் பார்சல் போடுவேன்.

ஏதாவது கொண்டு வந்தே ஆகணும்னா எனக்கு ஒரு கிளாம்ப் மீட்டர், வயரைச் சுத்திக் கவ்வியே கரண்டை அளக்கிறது, வாங்கிட்டு வா. பேட்டரியில ஓடுறது, அதுக்கு எந்த ஊரானாலும் ஒண்ணுதான்.

அன்புடன்,
அப்பா
குலசேகரம்