ஆட்டிறைச்சி வேகவும் இணையம் வேண்டுமா?

அனுப்புநர்:
ஒரு வாடிக்கையாளர், ஜெலுத்தோங், பினாங்கு
(பெயர், முகவரி, ரசீது நகல் இணைப்பில்)

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, கோலாலம்பூர்

27 அக்டோபர் 2025

ஐயா / அம்மையீர்,

பொருள்: தீபாவளியன்று சமைக்க மறுத்த ஸ்மார்ட் குக்கர், பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

கடந்த ஜூன் மாதம் உங்கள் 8 லிட்டர் ஸ்மார்ட் பிரஷர் குக்கரை 689 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கினேன். முதல் நான்கு மாதம் அதன்மேல் எனக்குப் பெரிய குறை எதுவும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். இரவு ஊறவைத்த கொண்டைக்கடலை 20 நிமிடத்தில் பூப்போல வெந்தது. சாம்பார் பருப்பும் அப்படித்தான். கஞ்சிக்கான பட்டனை அழுத்தினால் மட்டும் அடிப்பிடிக்கும். அதற்காக யாரும் கடிதம் எழுத மாட்டார்கள்.

அக்டோபர் மாதத் தொடக்கத்தில் குக்கருக்கான உங்கள் கைப்பேசிச் செயலியில் ஓர் அப்டேட் வந்தது. "கட்டாயம்" என்று போட்டிருந்ததால் என் மகன் அழுத்திவிட்டான். அன்றோடு குக்கரின் முகப்பில் இருந்த எட்டுப் பட்டன்களில் ஆறு செத்துப்போயின. பிரஷரில் வேகவைப்பது, நேரம் குறிப்பது எல்லாமே கைப்பேசிச் செயலிக்குள் போய்விட்டன. அதற்குள் நுழைய ஒரு கணக்கு வேண்டும். கணக்குத் திறக்க என் கைப்பேசி எண், பிறந்த தேதி, நான் இருக்கும் இடம் மூன்றையும் கேட்டீர்கள். பருப்பு வேக என் பிறந்த தேதி எதற்கு என்று அன்றே கேட்டிருக்க வேண்டும். தீபாவளி வேலை தலைக்குமேல் கிடந்ததால் கேட்ட எல்லாவற்றையும் கொடுத்துத் தொலைத்தேன்.

அக்டோபர் 20, தீபாவளி. மாலை 5 மணிக்கு எங்கள் வீட்டில் திறந்த இல்ல உபசரிப்பு. மூன்று கிலோ ஆட்டிறைச்சியைக் கழுவி, லெபோ பசாரில் அரைத்து வாங்கிய மசாலையைப் பிரட்டி, மூன்றேகால் மணிக்குக் குக்கரில் வைத்து மூடினேன். செயலியைத் திறந்தால் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு "சேவையகத்துடன் தொடர்பு இல்லை" என்று வந்தது, அதாவது செயலிக்குப் பின்னால் எங்கோ இருக்கும் கணினி பேசவில்லை. குக்கரில் மின்சாரம் இருக்கிறது, விளக்கு எரிகிறது, இறைச்சி உள்ளே இருக்கிறது. அடுப்பு மட்டும் சூடாக மறுக்கிறது.

உங்கள் உதவி அரட்டையில் கேட்டேன். வந்த பதில் இயந்திரம் எழுதியதா, மனிதர் எழுதியதா தெரியவில்லை. வீட்டு வைஃபையில்தான் கோளாறு என்றது. குக்கருக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைதான் ஒத்துவரும், 5 கிகாஹெர்ட்ஸ் ஆகாது, ரௌட்டரை அணைத்துப் போடுங்கள் என்றது. நான்கு முறை அணைத்துப் போட்டேன். ஒவ்வொரு முறையும் வரவேற்பறையில் பாட்டு நின்றது, மாமியார் முறைத்தார். எட்டாவது மாடியில் இதே குக்கர் வைத்திருக்கும் பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காளுக்கும் அதே கதிதான் என்று தெரிந்த பிறகே ரௌட்டரை விட்டேன்.

கடைசியில் பரணில் கிடந்த என் மாமியாரின் அலுமினிய விசில் குக்கர்தான் கைகொடுத்தது. அது சின்னது, மூன்று தடவையாக வேகவைக்க வேண்டியிருந்தது. ஆறே முக்கால் வரை விருந்தினர் முறுக்கையும் ஓமப்பொடியையும் தின்றே பசியாறினார்கள்.

இரண்டு நாள் கழித்து உங்கள் மின்னஞ்சல் வந்தது. அமெரிக்காவில் வர்ஜீனியாவில் உள்ள தரவு மையங்களில் கோளாறு, உலகம் முழுவதும் பாதிப்பு, எங்கள் கையில் எதுவும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அது உண்மைதான், நானும் செய்தியில் படித்தேன். அன்று ஃபோர்ட்நைட், ரோப்லாக்ஸ் முதலிய விளையாட்டுகள் நின்றன. இணையத்தோடு இணைத்த கட்டில்கள்கூடப் படுத்திருந்தவர்களின் பேச்சைக் கேட்கவில்லையாம். அப்படியென்றால் என்னை ஏன் நான்கு முறை ரௌட்டரை அணைக்க வைத்தீர்கள்?

ஆனால் என் புகார் அந்தக் கோளாறு பற்றியது அல்ல. அதே நேரத்தில் என் மகனின் விளையாட்டும் நின்றது. அவன் ஐந்து நிமிடம் முணுமுணுத்துவிட்டு எழுந்து போனான். அவன் முகம் தெரியாத யார் யாரோடோ எங்கெங்கோ விளையாடுகிறான், நடுவில் கம்பி அறுந்தால் நிற்கத்தான் செய்யும். நான் யாரோடு சமைக்கிறேன்? என் இறைச்சிக்கும் வர்ஜீனியாவுக்கும் என்ன சம்பந்தம்? மூடி இறுகியதும் உள்ளே ஆவி சேர்கிறது, கொதிநிலை 100 பாகையைத் தாண்டி 115 பாகைவரை ஏறுகிறது, அடியில் உள்ள உணரி அதைப் பார்த்துச் சூட்டைக் கூட்டிக் குறைக்கிறது. இதற்குத் தேவையான அறிவு முழுவதும் குக்கருக்குள்ளேயே இருக்கிறது. செப்டம்பர் வரை அது தானாகத்தானே சமைத்தது? 1955-இல் டோஷிபா ஜப்பானில் தானியங்கி ரைஸ் குக்கரை விற்கத் தொடங்கியபோது இணையம் என்ற சொல்லே கிடையாது. என் அம்மாவிடம் இருந்த சாதாரண ரைஸ் குக்கரின் அடியில் ஒரு காந்தம் இருக்கும். தண்ணீர் வற்றிச் சட்டியின் சூடு 100 பாகையைத் தாண்டியதும் காந்தம் பிடியை விடும், விசை டக்கென்று மாறும். அந்தக் காந்தம் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை.

மகன் சொன்ன ஒரு விஷயம்தான் எனக்கு உண்மையாகவே பயத்தைக் கொடுத்தது. 2014-இல் வெளிவந்த 'தி குரூ' என்ற கார் பந்தய விளையாட்டின் சேவையகத்தை அதன் நிறுவனம் 2024 மார்ச் 31-இல் மூடிவிட்டதாம். காசு கொடுத்து வாங்கியவர்கள் தனியாக உட்கார்ந்துகூட அதை ஆட முடியாதாம். அவன் மாமாவின் பழைய கேம் பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியில் நான்கு பேட்டரி போட்டால் டெட்ரிஸ் இன்றைக்கும் ஓடுகிறது. நாளைக்கே இந்த மாடலுக்கு இனி சேவை இல்லை என்று நீங்கள் முடிவெடுத்தால், 689 வெள்ளிச் சட்டியில் நான் பூந்தொட்டியா வைப்பது?

பெட்டியை இப்போதும் வைத்திருக்கிறேன். மலாயிலும் ஆங்கிலத்திலும் "எட்டு வகைச் சமையல், 24 மணி நேர டைமர்" என்று போட்டிருக்கிறது. கணக்குத் திறக்க வேண்டும், இணையம் இல்லாவிட்டால் சமைக்காது என்று ஒரு பக்கத்திலும் இல்லை. பூதக்கண்ணாடி வைத்தே பார்த்துவிட்டேன். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், சொன்ன வருணனைக்குப் பொருந்தவும் வேண்டும். நான் வாங்கியபோது பொருந்திய பொருளை வாங்கிய பிறகு என் வீட்டுக்குள் வந்து மாற்றியது நீங்கள்.

பழுதுபார்ப்பு மையத்துக்குக் கொண்டு வாருங்கள், மூன்று வாரத்தில் பார்க்கிறோம் என்கிறீர்கள். பழுதாகாத பொருளை எதற்குப் பழுதுபார்ப்பது? பட்டன்கள் எட்டும் முன்போல், கணக்கும் இணையமும் இல்லாமல் வேலை செய்யும்படி இன்னொரு அப்டேட்டை 14 நாளுக்குள் அனுப்புங்கள். முடியாதென்றால் 689 வெள்ளியைத் திருப்பித் தாருங்கள். இரண்டில் எது நடந்தாலும் என் பிறந்த தேதியையும் இருப்பிட விவரத்தையும் உங்கள் பதிவிலிருந்து அழித்து, அழித்ததை எழுத்தில் உறுதிப்படுத்துங்கள். தள்ளுபடி கூப்பன் வேண்டாம். சென்ற வாரம் அனுப்பிய 30 வெள்ளிக் கூப்பனை உங்கள் அடுத்த ஸ்மார்ட் பொருளுக்குத்தான் பயன்படுத்த முடியுமாம்!

14 நாளில் பதில் இல்லையென்றால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனுக் கொடுப்பேன். மனுவுக்குக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. குக்கரையும் பெட்டியையும் அரட்டைப் பதிவின் படங்களையும் நானே தூக்கிக்கொண்டு வருவேன்.

குக்கரைக் கழுவித் துடைத்துப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். எடுக்க ஆள் அனுப்பினால் சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பிறகு வரச் சொல்லுங்கள். முதல் நாளே தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னால் போதும், செயலியில் தகவல் அனுப்ப வேண்டாம். அதை நேற்றே கைப்பேசியிலிருந்து நீக்கிவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்