எஞ்சின் மாற்றிய ஜீப்புக்கு நீங்கள் விற்ற ரேடியேட்டர்: பணத்தைத் திருப்பித் தரக் கோரிப் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

ஐயா,

வணக்கம். நீங்கள் அனுப்பிய அந்த மூன்று வரிசை அலுமினிய ரேடியேட்டரைப் பற்றித்தான் மறுபடியும் எழுதுகிறேன். மாடல், அளவெல்லாம் உங்களுக்கே தெரியும். ஃபோனை எடுக்கும் ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது.

என் மஹிந்திரா எம்.எம்.540 ஜீப்பில் பழைய பியூஜோ எஞ்சினை இறக்கிவிட்டு 2523 சிசி டர்போ டிஐ எஞ்சின் வைத்திருக்கிறேன். ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யிலும் ஏற்றியாயிற்று. கோத்தகிரியிலிருந்து காய்கறியோடு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குவேன், உர மூட்டையோடு திரும்ப ஏறுவேன் என்று வாங்கும்போதே சொன்னேன். "தைரியமா வாங்குங்க சார், இந்த எஞ்சினுக்குன்னே செஞ்சது" என்றார் உங்கள் விற்பனைப் பிரிவுக்காரர். இப்போது ஏறும் வழியில் குஞ்சப்பனை தாண்டுவதற்குள் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்குப் போய்விடுகிறது.

எங்கள் மெக்கானிக் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். இந்த எஞ்சினின் ஃபேன் உங்கள் ரேடியேட்டரின் கீழ்ப்பாதிக்கு நேராகத்தான் சுற்றுகிறது. மேல்பாதிக்குக் காற்றே இல்லை. ஃபேனைச் சுற்றி ஷ்ரவுட் என்கிற கூடு இருந்தாலாவது ரேடியேட்டரின் மொத்தப் பரப்பிலிருந்தும் காற்றை இழுக்கும். அது பில்லில் இருக்கிறது, பெட்டியில் இல்லை! சமவெளியில் அறுபதில் போனால் எதிர்க்காற்றே சமாளித்துவிடும். கொண்டை ஊசி வளைவில், சுமையோடு, இரண்டாவது கியரில் இருபதைத் தாண்டாமல் ஏறும் வண்டிக்கு ஃபேனை விட்டால் வேறு கதி கிடையாது. மேலே போகப் போகக் காற்றும் அடர்த்தி குறைகிறது. உதகை உயரத்தில் ரேடியேட்டர் மூடி பிரஷரைப் பிடிக்கவில்லையென்றால் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் செய்கிறவர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டுமா?

வண்டியைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுவரச் சொன்னீர்கள். வந்தேன். பார்க்க வேண்டிய இன்ஜினியர் லீவாம். செட்டுக்குள் ஐடிலில் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அவிநாசி ரோட்டில் ஒரு சுற்றுப் போய்வந்து, 'குறை ஏதும் இல்லை' என்று எழுதிக் கொடுத்தார்கள். அவிநாசி ரோட்டில் ஏது மலை? அன்று இரவே திரும்பி ஏறும்போது வண்டி கொதித்து, எஞ்சின் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போனது. யானை நடமாடும் பாதையில் குடும்பத்தோடு நடுரோட்டில் நின்றேன். அந்தக் காகிதம் இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

அப்புறம் அந்த ஃபோன் தம்பி. "ஊட்டிக் குளிருக்கு எதுக்கு சார் ரேடியேட்டரு? தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டுட்டு ஓட்டுங்க" என்றார். எஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடாமல் வைத்திருந்து 82 டிகிரியில் திறக்க வேண்டிய தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் மார்கழிக் காலையில் டீசல் எஞ்சின் எப்போது சூடேறுவது? அதைக் கேட்டதும், "எஞ்சின் மாத்துன வண்டிக்கெல்லாம் வாரண்டி கிடையாது, வேணும்னா கேஸ் போட்டுக்குங்க" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்தார், ஐயா! எஞ்சின் மாற்றிய ஜீப்புகளுக்கென்றுதானே அதை விளம்பரமே செய்கிறீர்கள்?

தயவுசெய்து நீங்களாவது நேரில் கவனியுங்கள். சண்டை போடுவது என் நோக்கமில்லை. ஷ்ரவுட்டோடு, ஃபேனுக்குப் பொருந்துகிற சரியான ரேடியேட்டரை அன்றைக்கே தந்திருந்தால் பேசாமல் மாட்டிக்கொண்டு போயிருப்பேன். இப்போது அதுவும் வேண்டாம். இந்த சீசனே எனக்குப் போய்விட்டது. கேரட் வயலில் கிடக்கிறது, வாடகைப் பிக்கப்புக்குக் கொடுத்தே என் பிழைப்பு அழிந்துவிட்டது. ரேடியேட்டர் விலை, கேஸ்கெட் செலவு, ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சரிசெய்த கூலி, பிக்கப் வாடகை, மன உளைச்சலுக்கு ரூ.50,000, எல்லாம் 15 நாளுக்குள் என் கணக்குக்கு வர வேண்டும்.

ஆமாம், கீழ் ஹோஸைப் பற்றி எழுதாமல் விட்டேனே. உங்கள் ரேடியேட்டரின் வாய் எஞ்சின் வாயை விடப் பெரிது. நடுவில் அளவைக் குறைக்கும் ஒரு ரெட்யூசர் போட்டு ஒப்பேற்றியிருக்கிறோம். அதுவும் என் செலவு.

பணம் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமும் இல்லை. உதகைக்கு வாய்தாவுக்கு வாய்தா மலையேற வேண்டியவர்கள் நீங்கள்தான்.

ரேடியேட்டரை நான் பார்சல் போடுவதாக இல்லை. உங்கள் ஆள் வந்து எடுத்துப்போகட்டும். வருவதற்கு முன்னால் ஃபோன் பண்ணச் சொல்லுங்கள், அந்தத் தம்பியைத் தவிர யாராக இருந்தாலும் சரி.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
கோத்தகிரி